வீட்டுக் குப்பையும் நாட்டுப் பொறுப்பும்

ஒரு வீட்டில் சேரும் குப்பைக்கு யார் பொறுப்பு? வீட்டுக்காரரா, ஊரா, அரசா, அந்தப் பொருளைச் செய்து விற்ற கம்பெனியா? சென்ற நூறாண்டுகளில் இந்தியாவில் இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் வந்திருக்கின்றன. புதிதாக வந்த ஒவ்வொன்றும் பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. ஆனால் எந்தப் பதிலும் முழுதாக மறைந்துவிடவில்லை. இன்றைய சட்டத்திலும் திட்டங்களிலும் அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, சில இடங்களில் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இந்தப் பதில்களைச் சோதித்துப் பார்க்க இளையாத்தங்குடி பொருத்தமான ஊர். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள இந்த ஊரின் கைலாசநாதர் – நித்யகல்யாணி கோவில், நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்று. அவர்களில் ஏழு பிரிவினர் இந்தக் கோவிலைச் சேர்ந்தவர்கள். உலகெங்கும் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதுதான் கோவில் ஊர். அரசாங்கக் கணக்கில் இது ஒரு கிராம ஊராட்சி. நாடு தழுவிய குப்பை மேலாண்மையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் டெல்லி, மும்பை, சென்னை என்ற அளவிலேயே நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 6.4 லட்சம் கிராமங்கள் உள்ளன, மக்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் அங்கே வாழ்கின்றனர். ஒரு தேசியக் கொள்கை இந்த ஊர்களில் நிற்கிறதா என்று பார்ப்பதே நியாயமான சோதனை.

மண்ணுக்கே திருப்புதல்

முதல் பதில் எருக்குழி. சாணம், சாம்பல், காய்கறித் தோல், உமி, பந்தியில் எடுத்த எச்சில் இலை எல்லாம் கொல்லையில் ஒரு குழிக்குப் போகும். உழவுக்கு முன் அதை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். பழைய இரும்பும் பித்தளையும் தெருவில் வரும் பேரீச்சம்பழக்காரரிடம் போய்விடும். கிராமத்துக்குத் தனியாகக் குப்பை நிர்வாகம் என்ற ஒன்று அப்போது தேவைப்படவில்லை.

இந்த வழக்கத்தை ஒரு முறையாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணிபுரிந்த காலத்தில் இந்திய உழவர்களின் வழக்கங்களையும் சீன உழவர்களைப் பற்றிய பதிவுகளையும் கொண்டு அவர் உருவாக்கியது ‘இந்தூர் முறை’. யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931இல் அதை நூலாகவும் வெளியிட்டார். அடிக்கடி கிளறிவிட ஆள் கிடைக்காத நகரங்களுக்கு ஏற்றபடி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா இன்னொரு முறையை வகுத்தார். 1940களின் உணவுப் பஞ்சத்தில் நகரக் குப்பையை உரமாக்கும் திட்டம் அரசுக் கொள்கையாகவும் ஆனது. தஞ்சாவூரில் பிறந்து, பிற்காலத்தில் மதுரைக்கு அருகே டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பாத பொருளாதாரம் நிலைக்காது என்று வாதிட்டார். கழிவை எருவாக்குவது அவருக்குப் பொருளாதாரத்தின் அடிப்படை.

இந்தப் பதிலுக்கு இன்றும் பெரிய வலு உண்டு. இந்தியக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் குப்பைதான் என்பதைப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. ஆனால் மீதிப் பாதி எருக்குழிக் காலத்தில் இல்லை. பால் கவர், எண்ணெய் பாக்கெட், ஷாம்பு சாஷே, டயப்பர் இவற்றில் எதையும் மண் வாங்கிக்கொள்ளாது. இவை கலந்த குப்பையிலிருந்து வரும் உரத்தில் பிளாஸ்டிக் துணுக்கும் கண்ணாடித் தூளும் இருப்பதால் உழவர்கள் அதைத் தொடத் தயங்குகிறார்கள். 1970களில் மத்திய அரசின் நிதியுதவியோடு நகரங்களில் நிறுவிய இயந்திர உர ஆலைகள் பெரும்பாலும் நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது குறை கிராமத்துக்கே உரியது. மாடு குறைந்துவிட்டது, சாகுபடி சுருங்கிவிட்டது. எருவுக்கு வயல் வேண்டும். தரிசாகக் கிடக்கும் வயலுக்கு எரு எதற்கு? மூன்றாவது குறை, அந்தக் குப்பையை யார் கை அள்ளியது என்பது. அதைப் பின்னால் தனியே பார்க்க வேண்டும்.

ஊருக்கு வெளியே

இரண்டாவது பதில் நகராட்சிகளுடையது: குப்பையை அள்ளி ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் கொட்டுவது. சுகாதாரம் பற்றிய அச்சத்தில் பிறந்த பதில் இது. 1994இல் சூரத்தில் பிளேக் பரவியபோது நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு திட்டக் குழு நியமித்த பஜாஜ் குழு அறிக்கை தந்தது. 1996இல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2000ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இந்த வழியில் உருவானவை.

இந்த விதிகள் வெறும் கொட்டுதலை ஏற்கவில்லை. பிரித்து வாங்க வேண்டும், மக்குவதை உரமாக்க வேண்டும், எதற்கும் உதவாததை மட்டுமே புதைக்க வேண்டும் என்றுதான் கூறின. நடைமுறை அப்படி இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 ஆண்டறிக்கை நாளொன்றுக்கு 1,60,038.9 டன் குப்பை உருவாவதாகச் சொல்கிறது. இதில் 95 விழுக்காட்டுக்கு மேல் சேகரிக்கப்படுகிறது, பாதியே பதப்படுத்தப்படுகிறது, சுமார் 18 விழுக்காடு நிலத்தில் நிரப்பப்படுகிறது. மீதமுள்ள மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானதற்குக் கணக்கே இல்லை.

இந்த எண்களையும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். 2014இல் திட்டக் குழுவின் பணிக்குழு நகரக் குப்பை ஆண்டுக்கு 6.2 கோடி டன் என்று மதிப்பிட்டது. அதாவது நாளுக்கு சுமார் 1.7 லட்சம் டன். ஆறேழு ஆண்டுகளில் குப்பை குறைந்திருக்க வழியில்லை. இரண்டு கணக்குகளும் வெவ்வேறு விதமாகப் போடப்பட்டவை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வாரியத்தின் அறிக்கை தனிநபர் சராசரியை நாளுக்கு 119 கிராம் என்கிறது. மொத்தக் குப்பையை நாட்டின் மொத்த மக்கள்தொகையால் வகுத்தால்தான் இந்த எண் வரும். ஆனால் குப்பையின் அளவோ பெரும்பாலும் நகர அமைப்புகள் தந்தது. கிராமத்து ஆட்களை எண்ணி, அவர்களின் குப்பையை எண்ணாமல் விட்ட சராசரியாகவே இது தோன்றுகிறது.

கொட்டுதலின் விலை என்ன என்பதைச் சில இடங்கள் உயிர்ப்பலியோடு காட்டின. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி காசிப்பூர் மேடு சரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு பற்றி எரிந்தபோது நகரமே நாள்கணக்கில் புகையில் மூச்சுத்திணறியது. சென்னையில் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே அமைந்தது. சரியாமலும் எரியாமலும் கிடக்கும் மேடுகூடச் சும்மா இருப்பதில்லை. காற்றில்லாமல் அழுகும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் வந்துகொண்டே இருக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது.

இந்தப் பதிலின் அடிப்படைக் குறை அரசமைப்பிலேயே தொடங்குகிறது. 74ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, நகர அமைப்புகளின் பணிகளில் திடக்கழிவு மேலாண்மையை வெளிப்படையாகச் சொல்கிறது. 73ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கு வகுத்த பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் சுகாதாரம் உண்டு, திடக்கழிவு என்ற சொல் இல்லை. 2000ஆம் ஆண்டு விதிகள் நகராட்சிகளுக்கானவை. 2016 விதிகள் கணக்கெடுப்பு நகரங்கள், ரயில்வே நிலம், விமான நிலையங்கள், மாநில அரசு அறிவிக்கும் புனிதத் தலங்கள் வரை நீண்டன. சாதாரணக் கிராம ஊராட்சி அப்போதும் வெளியேதான் நின்றது. பிளாஸ்டிக் கழிவு விதிகள்தான் 2016இல் கிராம ஊராட்சிகளையும் உள்ளே கொண்டுவந்தன. 2024 டிசம்பரில் வெளிவந்த புதிய வரைவு விதிகள் நகரம், கிராமம் இரண்டையும் சேர்த்துப் பேசின. ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகப் பிரிக்கவும் சொல்லின. ஆக, வாழைத்தோலும் பால் கவரும் கலந்த ஒரே வாளி, அதே மாவட்டத்து நகரமான காரைக்குடியில் திடக்கழிவு விதிகளுக்குள்ளும் இளையாத்தங்குடியில் அவற்றுக்கு வெளியேயும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. 2024இல் காரைக்குடி மாநகராட்சியும் ஆகிவிட்டது. அதோடு இடைவெளி இன்னும் கூடியது.

எரித்துவிடும் யோசனை

மூன்றாவது பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை 1987லேயே டெல்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தோடு வந்தது. சுமார் மூன்று வாரம் ஓடி நின்றது. எரிய வேண்டிய குப்பை ஈரமாகவும் மண் கலந்தும் இருந்தது. கிலோவுக்கு 1,500 கிலோகலோரியாவது வெப்பம் தரும் குப்பைதான் உலைக்குப் போக வேண்டும் என்று 2016 விதிகள் சொன்னது அந்த அனுபவத்தின் தொடர்ச்சி. 2012இல் ஓக்லாவில் தொடங்கிய ஆலை இயங்கியது, கூடவே புகை குறித்து அக்கம்பக்கத்தினரின் நீண்ட வழக்கும் நடந்தது. வடசென்னைக் கொடுங்கையூரில் அமையவிருக்கும் எரிஉலையை அங்குள்ள மக்கள் எதிர்த்துவருகின்றனர். ஸ்வீடனை முன்மாதிரியாகக் காட்டுவோர், அங்கே குப்பை பிரிக்கப்பட்டு, உணவுக் கழிவு விலக்கப்பட்ட பிறகே உலைக்கு வருகிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

கிராமத்துக்கு இந்தப் பதில் வேறு உருவத்தில் வந்துசேர்ந்திருக்கிறது: தெருமுனையில் வைக்கும் தீ. உலைக்காவது புகைபோக்கியும் வடிகட்டியும் இருக்கும். திறந்தவெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. தீ வைப்பதைத் தவிர வேறு வழி தரப்படாத ஊரில் தண்டத்தொகை எந்த அளவுக்குப் பயன்படும் என்பது சந்தேகமே.

பிரித்து வாங்குதல்

இன்று அதிக நம்பிக்கையோடு பேசப்படுவது நான்காவது பதில். வீட்டிலேயே பிரித்து வாங்கி, முடிந்தவரை அருகிலேயே முடித்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1989இல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருக்காரர்களே மாதந்தோறும் சிறு தொகை போட்டு, மூன்றுசக்கர வண்டியோடு ஒரு பணியாளரை அமர்த்தும் முறையைப் பரப்பியது. வேலூர் சி. சீனிவாசன், குப்பை கலந்து கெட்டுப்போவதற்கு முன் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது வாங்கிவிட வேண்டும் என்பதை மையமாகக் கொண்ட ஒரு முறையை வகுத்தார். அது வேலூரைத் தாண்டி வெகுதூரம் போயிற்று. சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் 2015இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ரிது சைன் அதை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார். பெண்கள் வீடுவீடாக வாங்கி, பல வகையாகப் பிரித்து விற்றனர். பழைய குப்பைக் கிடங்கு பூங்காவானது.

கேரளத்தின் ஆலப்புழை வேறொரு பாதையில் இதே இடத்துக்கு வந்தது. 2012இல், நகரின் குப்பை வந்து விழுந்த சர்வோதயபுரம் மக்கள் லாரிகளை மறித்தனர். குப்பை போக வழியில்லாத நிலையில், வீட்டுக்கு ஒரு குழாய் உரக்கலன் அல்லது கழிவு எரிவாயுக் கலன், பொது இடங்களில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள் என்று நகரம் தன்னை மாற்றிக்கொண்டது. புனேயில் குப்பை பொறுக்குவோர் 1993இல் சங்கமானார்கள், பின்னர் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவையும் அமைத்தார்கள். மாநகராட்சியோடு 2008இல் செய்த உடன்பாட்டின்படி அவர்களே வீடுவீடாகக் குப்பை வாங்குகிறார்கள். 2017 முதல் தூய்மைப் பட்டியலில் தொடர்ந்து முதலிடம் பிடித்த இந்தூரின் வழி இவற்றிலிருந்து மாறுபட்டது. அங்கே பிரித்தல் வீட்டில் நடந்தாலும், ஈரக் குப்பை 2022இல் திறந்த நாளுக்கு 550 டன் கொள்ளும் எரிவாயு ஆலைக்கு மொத்தமாகப் போகிறது. சிறிது சிறிதாக அங்கங்கே முடிப்பதா, பிரித்து ஓரிடத்தில் சேர்ப்பதா என்ற விவாதம் இந்த முகாமுக்குள்ளேயே நடக்கிறது. ஊரின் அளவைப் பொறுத்து விடை மாறக்கூடும் என்றே தோன்றுகிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தப் பதிலின் முகம் தூய்மைக் காவலர். 2014க்குப் பிறகு நூறு நாள் வேலைத் திட்டத்தோடு இணைத்துத் தொடங்கிய ஏற்பாடு இது. பச்சை, சிவப்புக் கூடைகள், தள்ளுவண்டி, உரக்குழி, மண்புழு உரத் தொட்டி, பிரிப்புக் கொட்டகை ஆகியவை ஊராட்சிகளுக்கு வந்தன. மத்திய அரசின் ஊரகத் தூய்மை இயக்கம் 2020இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் திடக்கழிவையும் சேர்த்துக்கொண்டது. 5,000 பேர் வரை வாழும் ஊருக்குத் தலைக்கு 60 ரூபாய். வட்டாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மையம் அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை. 2,000 பேர் உள்ள ஊருக்கு முதல் கணக்கில் கிடைப்பது 1,20,000 ரூபாய். அதுவும் கட்டுமானத்துக்கானது. குழி வெட்டவும் வண்டி வாங்கவும் போதும். அந்த வண்டியைத் தள்ளுகிறவருக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய கூலிக்கு ஊராட்சி வேறெங்கோ கையேந்த வேண்டும்.

இந்தப் பதிலின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. வெற்றிக் கதைகளில் பெரும்பாலும் ஒரு முனைப்பான ஆட்சியரோ, ஒரு போராட்டமோ, ஒரு தனிமனிதரின் பிடிவாதமோ பின்னணியில் இருக்கும். அவர் மாற்றலாகிப் போன பிறகும் ஏற்பாடு நிற்குமா என்பதைச் சொல்லும் நீண்டகால ஆய்வுகள் குறைவு. இன்னொன்று, பிரித்த பிறகு உலர் குப்பையை யாராவது வாங்க வேண்டும். அட்டை, இரும்பு, கெட்டி பிளாஸ்டிக் இவற்றுக்குக் காயலான் கடை விலை தரும். பல அடுக்கு பாக்கெட்டுக்கு எந்தக் கடையும் விலை தருவதில்லை. நகரத்தில் அதை லாரிக்கணக்கில் சேர்த்து சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்ப முடிகிறது. ஒரு கிராமத்தின் பிரிப்புக் கொட்டகையில் சேர்வதை அனுப்ப வண்டி வாடகைகூடக் கட்டுப்படியாகாது.

ஜப்பானின் கமிகாட்சு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1,500 பேர் வாழும் அந்த மலையூர் 2003இல் கழிவே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தது. குப்பையை 45 வகையாகப் பிரிக்கும் அளவுக்கு மக்கள் ஒழுங்கு காட்டினர். சுமார் 80 விழுக்காட்டை மீட்டனர். மீதியை அவர்களாலும் தீர்க்க முடியவில்லை. டயப்பரும் கலப்புப் பொருள்களும் ஊரார் எவ்வளவு பிரித்தாலும் பிரியாதவை. அவற்றைச் செய்யும் இடத்தில்தான் மாற்ற முடியும்.

செய்தவர் பொறுப்பு

ஐந்தாவது பதில் அந்த இடத்தைத் தொடுகிறது. பொருளைச் செய்தவரே அதன் கடைசிக் கட்டம்வரை பொறுப்பு என்ற கருத்தை 1990இல் ஸ்வீடனின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் ஒரு கொள்கையாக வகுத்தார். 1991இல் ஜெர்மனி பொதிவுப் பொருள்களுக்கு அதைச் சட்டமாக்கியது. பச்சைப் புள்ளி முத்திரையும் தனியாரே நடத்தும் இரண்டாவது சேகரிப்பு ஏற்பாடும் வந்தன. இந்தியாவில் 2011 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே இதன் சாயல் உண்டு. 2022 பிப்ரவரியில் பிளாஸ்டிக் பொதிவுக்கான வழிகாட்டுதல் கம்பெனிகளுக்கு ஆண்டு இலக்குகளையும் விற்று வாங்கக்கூடிய சான்றிதழ்களையும் கொண்டுவந்தது. சானிடரி நாப்கின், டயப்பர் செய்வோர், அப்புறப்படுத்துவதற்கான உறையையும் சேர்த்துத் தருவது பற்றி 2016 திடக்கழிவு விதிகளே பேசின.

இதன் கூடவே தடை என்ற வழியும் வந்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1 அன்று வந்தது. தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் போன்றவை தடைக்குள் வந்தன. கம்பெனிகள் அடைத்து விற்கும் சிப்ஸ் பாக்கெட்டும் சாஷேவும் பொறுப்பு விதிகளுக்குள் போயின. சிறு கடைக்காரருக்குத் தடை, பெரிய கம்பெனிக்குச் சான்றிதழ் என்ற இந்தப் பங்கீடு நியாயமானதா என்று கேட்பவர்களின் கேள்வியில் வலு இருக்கிறது.

கருத்தளவில் இது மிகவும் சரியான பதில் என்று இந்தக் கட்டுரை கருதுகிறது. நடைமுறையில்தான் ஓட்டைகள். சான்றிதழ் முறை தொடங்கி அதிக காலம் ஆகும் முன்பே, 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கை லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடித்தது. அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு கம்பெனி தன் இலக்கை நாட்டின் எந்த மூலையிலிருந்து சேகரித்தும் நிரப்பிக்கொள்ளலாம். மலிவாகச் சேகரிக்க முடிகிற பெருநகரத்தில் இலக்கு நிறைந்துவிட்டால், கிராமத்துச் சாஷேவைத் தேடி யாரும் வரமாட்டார்கள். இளையாத்தங்குடிப் பெட்டிக்கடைவரை வந்துசேரும் விநியோக வலை, திரும்பிப் போகும் பாதையில் அறுந்து கிடக்கிறது.

காசு யார் தருவது

குப்பை போடுபவரே அளவுக்கேற்பப் பணம் கட்டட்டும் என்பது இன்னொரு பதில். தென் கொரியா 1995இல் விலைக்கு விற்கும் குப்பைப் பைகளை நாடெங்கும் கட்டாயமாக்கியது. 2005இல் உணவுக் கழிவைப் புதைப்பதை நிறுத்தியது. 2013 முதல் உணவுக் கழிவுக்கும் அளவைப் பொறுத்துக் கட்டணம். குப்பை குறைந்தது, மறுசுழற்சி கூடியது. இந்தியாவின் 2016 விதிகளும் பயனாளர் கட்டணத்துக்கு இடம் தந்தன. ஆனால் கட்டணத்துக்குத் தப்ப வெட்டவெளி இருக்கும் இடத்தில், கட்டணம் குப்பையைக் கண்மாய்க்கரைக்கும் ஊருணி வரத்துக்காலுக்கும் தள்ளிவிடக்கூடும். மழைநீரைச் சேர்த்தே வாழ்ந்த வறண்ட பகுதிக்கு அந்த நஷ்டம் சிறியதல்ல.

இளையாத்தங்குடி அமைந்த செட்டிநாட்டுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீண்ட வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். கல்யாணம், அறுபதாம் ஆண்டு சாந்தி, முன்னோருக்கான படைப்பு, கோவில் விழா என்றால் திரும்பி வருகிறார்கள். ஆகவே இங்கே குப்பை நாள்தோறும் சீராகச் சேர்வதில்லை. பல வாரங்கள் தூங்கி, இரண்டு மூன்று நாளில் மலையாகக் குவிகிறது. வாழையிலையும் சோறும் குறையில்லாமல் மக்கிவிடும். தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, அலங்காரத் தெர்மாகோல், தாம்பூலப் பை இவைதான் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் பூட்டிய வீடு வீணாகக் கட்டும். ஆளுக்கு இவ்வளவு என்றால் ஊரிலேயே வாழும் எளியவர்கள் விருந்துக்கு வந்தவர்களின் குப்பைக்கும் சேர்த்துக் கட்டுவார்கள். தலைக்கு 60 ரூபாய் என்ற மத்திய நிதியும் ஊரில் குடியிருப்போரை மட்டுமே எண்ணும். விழாவுக்கு வந்துபோகும் கூட்டம் அதன் கணக்கில் வராது.

2016 விதிகளில் இதற்கு நெருங்கிய ஒரு பிரிவு இருந்தது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துவோர் மூன்று வேலை நாள்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். குப்பையைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றது அது. இது கிராமத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய பிரிவு. ஆனால் அந்த விதிகளின் எல்லை நகரத்தோடு நின்றது.

பொதுச் செலவைப் பங்கிடுவதில் இந்த மண்ணுக்குச் சொந்தமான அனுபவம் ஒன்று உண்டு. நகரக் கோவில்களில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோவில் செலவுக்கான புள்ளி வரி இந்தக் கணக்கில்தான். ஆள் எங்கே வாழ்ந்தாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும், ஊரோடுள்ள உறவு எண்ணப்படுகிறது. இதை அப்படியே குப்பைக்குப் பொருத்த முடியாது. புள்ளி ஒரு சமூகத்துக்குள் நிற்கும் கணக்கு. ஊராட்சியோ எல்லாச் சாதியாருக்கும் பொது. இருந்தாலும், குடியிருப்பையும் எடையையும் மட்டுமே அறிந்த தேசியக் கட்டண முறைகளுக்கு, ஊரில் இல்லாதவரிடமும் ஊருக்கான பங்கை வாங்க முடியும் என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது. விழா நடத்துபவரிடம் முன்கூட்டியே ஒரு வைப்புத் தொகை வாங்கி, பிரித்து ஒப்படைத்த பின் திருப்பித் தரும் முறையை ஊராட்சிகள் சோதித்துப் பார்க்கலாம்.

அள்ளும் கை

மேலே கண்ட பதில்கள் எல்லாவற்றின் கீழும் ஓடும் விவாதம் ஒன்று இருக்கிறது. தன் கழிவைத் தானே அப்புறப்படுத்துவது ஒவ்வொருவரின் கடமை, துப்புரவு புனிதமான பணி என்றார் காந்தி. பிறப்பினால் ஒரு வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, பிறகு அதைப் போற்றுவது அந்தக் கட்டை அவிழ்க்காது என்றார் அம்பேத்கர். முக்கால் நூற்றாண்டு கழிந்தும் நடைமுறை அம்பேத்கரின் ஐயத்துக்கே சான்று தருகிறது. வீட்டில் பிரிக்காமல் கொட்டிய நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் கையால் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். எருக்குழிக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுவோரும், பிரித்து வாங்கும் முறையின் வெற்றியைப் புகழ்வோரும் இதைச் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. புனே கூட்டுறவு இதற்கு ஓரளவு பதில் தந்தது: பொறுக்குவோரே உரிமையாளர், அடையாள அட்டையும் வீட்டாரிடம் கட்டணம் வாங்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. கிராமத்தில் அந்தப் பலம் உருவாவது கடினம். ஓர் ஊரில் ஒருசிலரே இந்தப் பணியில் இருப்பார்கள். எல்லா வீட்டுக்காரர்களும் அவர்களுக்கு முகம் தெரிந்தவர்கள். குப்பை பிரிக்காமல் வந்தால் வாங்க மறுக்கும் உரிமை தூய்மைக் காவலருக்கு ஏட்டில் இருக்கலாம். கூலி வேலைக்கும் கடனுக்கும் அதே வீட்டை நம்பியிருக்கும் ஒருவர் அந்த வாசலில் நின்று மறுப்பது வேறு விஷயம். அவருடைய சம்பளத்தையும் பாதுகாப்பையும் ஊராட்சிக்கு மேலே உள்ள அரசு உறுதிசெய்யாதவரை, பிரித்தல் என்ற கொள்கை முழுக்க அவர் தோளில்தான் நிற்கும்.

தீர்ந்ததும் தீராததும்

சில விஷயங்களில் ஏறத்தாழ ஒத்த கருத்து உருவாகிவிட்டது எனலாம். மக்கும் குப்பை ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. இளையாத்தங்குடி போன்ற ஊரில் இடமும் உண்டு, தென்னந்தோப்பும் தோட்டமும் உரத்தை வாங்கிக்கொள்ளும். வீட்டில் பிரிக்காத குப்பையைப் பின்னால் எந்த இயந்திரமும் ஒழுங்காகப் பிரிப்பதில்லை. சிற்றூர்களுக்கு எரிஉலை விடையாகாது. காயலான் கடை வாங்குவதை அரசு தொந்தரவு செய்யாமல் இருந்தாலே போதும். காரைக்குடியில் பழைய வீடுகளின் பர்மா தேக்குத் தூணும் பீங்கான் ஜாடியும் கைமாறுவதற்கென்றே ஒரு கடைத்தெரு இருக்கிறது; மதிப்புள்ள எதையும் இந்த வட்டாரம் குப்பையில் போட்டதில்லை.

தீராதது அந்த மீதி. டயப்பர், நாப்கின், பல அடுக்கு பாக்கெட், கெட்டுப்போன பல்பும் பேட்டரியும். எடையில் சிறிய பங்குதான், ஊரால் எதுவும் செய்ய இயலாத பங்கும் இதுதான். தேசிய அளவிலான மேலாண்மை என்ற சொல்லுக்குப் பொருள் இருக்குமானால் அது இங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் அது எப்படி நடக்கும் என்பதில் கருத்து பிரிகிறது. கம்பெனிகளின் இலக்கை மாவட்ட வாரியாகப் பிரித்து, கிராமத்திலிருந்து சேகரித்ததற்குத் தனி எடை தரலாம் என்பது ஒரு யோசனை. மேற்பார்வைச் செலவும் போலிச் சான்றிதழும் அதோடு கூடுமோ என்பது எதிர்க்கேள்வி. வட்டாரத்துக்கு ஒரு மையம் என்ற இப்போதைய ஏற்பாட்டை வலுப்படுத்தலாம் என்போர் உண்டு. அங்கே இயந்திரம் வைக்கப் பணம் வந்தது. இயக்க யார் பணம் தருவது என்பது முடிவாகவில்லை. கிராமக் குப்பையின் அளவே நம்பத்தக்க முறையில் எடுக்கப்படாதபோது எந்த யோசனையையும் விலை போட்டுப் பார்க்க முடியாது. ஆகவே முதலில் எடை போட வேண்டும். விழா இல்லாத மாதத்திலும் விழா மாதத்திலும், சில நூறு ஊர்களிலாவது.

அந்தக் கணக்கு வந்த பிறகும் ஒரு கேள்வி நிற்கும். ஒரு கிலோ டயப்பரை இளையாத்தங்குடியிலிருந்து அது பாதுகாப்பாக முடியும் இடம்வரை கொண்டுபோக ஆகும் செலவை ஊராட்சியின் வரவு செலவில் எழுதுவதா, வாங்கியவர் தந்த விலையில் சேர்ப்பதா, செய்த கம்பெனியின் கணக்கில் ஏற்றுவதா? மூன்றுக்கும் வாதங்கள் இருக்கின்றன. செய்தவர் கணக்கு என்பதற்கே வலு அதிகம் என்று இதுவரை கண்ட சான்றுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தப் பணம் எந்த வழியாக ஒரு கிராமத்துத் தள்ளுவண்டிவரை வந்துசேரும் என்பது இன்னும் தெளிவாகவில்லை.